நாலு செடி, ஒரு செடி: கஞ்சாவை எண்ணும் சட்டங்கள் பற்றி

“கனடாவுல வீட்டுலயே கஞ்சாச் செடி வெச்சுக்கலாமாமே, நெசந்தானா?”

2018 அக்டோபருக்குப் பிறகு குஜிலியம்பாறை டீக்கடைகளில் இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. நெசந்தான், நாலு செடி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம் என்று பதில் சொன்னவுடனே பேச்சு ரெண்டாகப் பிரியும். பெரியவர்கள் “நாடே நாசமாப் போச்சு” என்பார்கள். கோயமுத்தூரிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பையன்கள் “அவங்க எங்கேயோ போயிட்டாங்க, நாம இன்னும் இங்கேயே கெடக்கோம்” என்பார்கள். தமிழில் இந்த விஷயம் பற்றி நான் பார்த்த காணொளிகளும் படித்த கட்டுரைகளும் இந்த டீக்கடைப் பேச்சைப் பெரிதாகத் தாண்டவில்லை. ஒன்று ஒழுக்கப் பிரசங்கம், இல்லையென்றால் விடுதலைப் பிரசங்கம்.

ரெண்டு தரப்புமே அந்த “நாலு” என்கிற எண்ணை அப்படியே விழுங்கிவிடுகின்றன. ஏன் நாலு? ஏன் மூணு இல்லை, பத்து இல்லை? ஆறு மாசம் பனி கொட்டுகிற ஊரில் நாலு செடி என்றால் என்ன, வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற ஊரில் நாலு செடி என்றால் என்ன? ஒரு கதையையோ கவிதையையோ வரிவரியாகப் படித்து விமர்சனம் எழுதுகிற மாதிரி சட்டத்தையும் படிக்கலாம். சட்டத்தில் வரும் எண்கள் அதன் உவமைகள் மாதிரி. எழுதியவர் எதைப் பார்த்து எழுதினார், எதைப் பார்க்காமல் எழுதினார் என்பது அங்கேதான் தெரியும். நான் பார்க்கப்போவது மூன்று எண்கள்: கனடாவின் நாலு, உத்தராகண்டின் 0.3, நம்ம சட்டத்தில் எழுதப்படாமலே இருக்கிற ஒன்று. (வளர்ப்பது எப்படி என்று தேடி வந்தவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். புகைப்பதற்கு வக்காலத்தும் இதில் இல்லை.)

முதலில் கனடா. அங்கே வீட்டில் வளர்க்கும் உரிமை கேளிக்கைக்காரர்களால் வந்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வழி திறந்தவர்கள் நோயாளிகள். மருத்துவக் கஞ்சாவை உரிமம் பெற்ற கம்பெனிகளிடம்தான் வாங்க வேண்டும், வீட்டில் வளர்க்கக் கூடாது என்று அரசு விதி மாற்றியபோது, பிரிட்டிஷ் கொலம்பியாவைச் சேர்ந்த நாலு பேர் வழக்குப் போட்டார்கள். அலார்டு வழக்கு என்று பெயர். 2016 பிப்ரவரி 24-ல் மத்திய நீதிமன்றம் அந்தத் தடை அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னது. மருந்து வேண்டும், கடை விலைக்குக் கட்டுப்படியாகவில்லை, கொல்லையில் வளர்த்துக்கொள்கிறேன் என்பதுதான் வாதத்தின் சாரம். இந்த வாதம் நம்ம ஊர்க்காரர்களுக்குப் புரியாத வாதமே இல்லை. தூதுவளையும் ஆடாதோடையும் வேலியில் வைத்திருக்கிறவர்கள் நாம்.

அதே ஆண்டு டிசம்பரில், ஆன் மெக்லெலன் தலைமையிலான நிபுணர் குழு பொதுப் பயன்பாட்டுக்கான அறிக்கை கொடுத்தது. வீட்டுக்கு நாலு செடி, ஒவ்வொன்றும் 100 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. இந்த நூறு சென்டிமீட்டர் எனக்கு ரொம்பப் பிடித்த விவரம். செடிகளை எண்ணினால் மட்டும் போதாது, ஒரு செடி முழங்கால் உயரத்திலும் நிற்கும், ஆள் உயரத்தைத் தாண்டியும் நிற்கும் என்று குழுவில் யாரோ யோசித்திருக்கிறார்கள். 2017 ஏப்ரலில் வந்த மசோதாவிலும் அது இருந்தது. அப்புறம் நாடாளுமன்றக் குழுவில் சாட்சி சொல்ல வந்தவர்கள் கேட்டார்கள்: செடி ராத்திரியோடு ராத்திரியாக 101 சென்டிமீட்டர் ஆகிவிட்டால் வீட்டுக்காரன் குற்றவாளியா? போலீஸ்காரர் அளவு நாடாவோடு வீடு வீடாகப் போவாரா? பதில் இல்லை. உயரம் நீக்கப்பட்டது, நாலு மட்டும் தங்கியது. 2018 அக்டோபர் 17-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் இருப்பது அந்த மொட்டை நாலுதான். அதுவும் ஆளுக்கு நாலு இல்லை. வீட்டுக்கு நாலு. பத்துப் பேர் குடியிருந்தாலும் நாலுதான்.

இனி குளிருக்கு வருவோம். கனடா என்றாலே நமக்குப் பனி. அவ்வளவு குளிரில் இந்தச் செடி எப்படி வளரும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நம்ம மாவட்டத்திலேயே குளிர் இருக்கிறது. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், தை மாசம் சில நாள் புல்மேல் உறைபனி படிந்து வெள்ளையாகக் கிடக்கும். ஆனால் கொடைக்கானல் குளிரும் டொராண்டோ குளிரும் இந்தச் செடிக்கு ஒன்றல்ல. காரணம் வெப்பநிலை மட்டும் இல்லை. பகலின் நீளம்.

கஞ்சா குறும்பகல் செடி. ராத்திரி போதுமான அளவு நீண்டால்தான் பூக்கும். ஓசூர்ப் பக்கம் செவ்வந்தித் தோட்டத்தில் ராத்திரி பல்பு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கணக்குதான், இருட்டை உடைத்து பூப்பதைத் தள்ளிப்போடுகிறார்கள். குஜிலியம்பாறை கிட்டத்தட்ட பத்தே முக்கால் பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே வருஷத்தின் நீளமான பகலே பன்னிரண்டே முக்கால் மணி நேரம்தான், குறுகியது பதினொன்றரை. கொடைக்கானல் இன்னும் கொஞ்சம் தெற்கே என்பதால் அங்கேயும் அப்படியே. டொராண்டோவில் ஜூன் மாதப் பகல் பதினைந்தரை மணி நேரத்தை நெருங்கும். வினிபெக்கில் பதினாறு மணி நேரத்துக்கும் மேலே.

இதை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நம்ம தெற்கத்தி வகைச் செடியின் விதை டொராண்டோ மண்ணில் விழுந்தால் என்ன ஆகும்? ஜூன், ஜூலை, ஆகஸ்ட் முழுக்க ராத்திரி போதாமல் அது வெறும் இலையாக உயர்ந்துகொண்டே போகும். பகல் பன்னிரண்டரை மணிக்கு இறங்குவதற்கு செப்டம்பர் பாதி தாண்டிவிடும். அதற்குப் பிறகுதான் மொட்டு. மொட்டு முற்ற இன்னும் பன்னிரண்டு வாரம், அதற்கு மேலும் ஆகலாம். அதற்குள் உறைபனி வந்து கருக்கிவிடும். தலைகீழாகவும் சொல்லலாம். வடக்கத்தி விதையை இங்கே போட்டால், வந்த அன்றிலிருந்தே ராத்திரி நீளம்தான் என்று நினைத்துக்கொண்டு முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். அந்தச் செடிக்கு 100 சென்டிமீட்டர் சட்டமே தேவையில்லை.

குளிர்நாட்டு மொட்டைமாடிக்காரர்களும் தோட்டக்காரர்களும் இதற்கு ரெண்டு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, ரஷ்யாவில் 1924-ல் யானிஷெவ்ஸ்கி என்கிற தாவரவியலாளர் ‘ருடராலிஸ்’ என்று பெயரிட்ட குட்டை வகையோடு கலந்து உண்டாக்கிய விதைகள். இவை ராத்திரியைக் கவனிப்பதில்லை, வயசு வந்தால் பூத்துவிடும். குட்டையான கோடை இருக்கிற ஊருக்குப் பொருத்தம். இன்னொரு வழி, வீட்டுக்குள் ஒரு கூடாரம் கட்டி விளக்குப் போடுவது. முதலில் பதினெட்டு மணி நேரம் வெளிச்சம். பூக்க வேண்டும் என்றால் பன்னிரண்டு மணி வெளிச்சம், பன்னிரண்டு மணி இருட்டு. யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வரும். அவர்கள் மின்கட்டணம் கட்டித் தயாரிப்பது குஜிலியம்பாறைப் பகலைத்தான். நமக்குச் சும்மா கிடைப்பதை.

அப்படியானால் நாலு என்பது எவ்வளவு? வெளியே, வேலியோரம், வருஷத்துக்கு ஒரு போகம், செப்டம்பர் கடைசி மழையில் பாதி மொட்டு பூஞ்சை பிடித்துப் போனால் அது ஒரு நாலு. உள்ளே, விளக்கின் கீழே, மூணு நாலு மாசத்துக்கு ஒருமுறை அறுத்து மறுபடி நட்டால் வருஷத்துக்கு மூணு போகம். அதுவும் நாலுதான். சட்டத்தின் கண்ணுக்கு ரெண்டும் ஒன்று. அளவைக் கட்டுப்படுத்துகிறேன் என்று சொல்லும் சட்டம் அளவைப் பார்க்கவே இல்லை. விளக்கும் கூடாரமும் காற்று வடிகட்டியும் வாங்க முடிந்தவனுக்கு நாலு என்பது பெரிய எண், தொட்டியை ஜன்னலோரம் வைத்தவனுக்குச் சின்ன எண்.

இதைவிட எனக்கு உறுத்துவது ‘வீட்டுக்கு’ என்கிற சொல். ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருக்கிற நம்மாளுக்கு அந்த நாலு கிடையாது. மேலே குடியிருக்கும் வீட்டுக்காரர் குடும்பமும் கீழே இவரும் எப்படிப் பங்கு போடுவார்கள் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வாடகை ஒப்பந்தத்திலேயே கூடாது என்று போட்டுவிடலாம். அடுக்குமாடிச் சங்கமும் தடுக்கலாம். நிலம் உள்ளவன் உரிமை, நிலம் இல்லாதவன் விதி. இது நமக்குப் பழக்கமான கதைதான், ஆனால் “அங்கே எல்லாருக்கும் அனுமதி” என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கியூபெக் மாகாணம் நாலையும் பூச்சியமாக்கியது. அது செல்லுமா என்று ஒருவர் போட்ட வழக்கில், மரே-ஹால் வழக்கு, கனடா உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் செல்லும் என்று ஒருமனதாகச் சொன்னது. மனிடோபாவும் தடை வைத்திருந்தது, 2025-ல்தான் எடுத்தது.

ஜெர்மனி 2024 ஏப்ரல் 1 முதல் அனுமதித்தது. அங்கே வீட்டுக்கு இல்லை, வயதுவந்த ஆளுக்கு மூணு செடி. வாடகைக்காரனுக்கும் ஆள் கணக்கு உண்டு என்பதால் இது கொஞ்சம் நியாயமான எண் என்று நினைத்தேன். அடுத்த வரியில் கெடுத்துவிட்டார்கள். வீட்டில் காய்ந்த பூ 50 கிராமுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒரே ஒரு நல்ல செடி அறுத்தாலே அதைத் தாண்டிவிடும், மிச்சத்தை அழித்துவிட வேண்டும். மூணு வளர், ஒன்றில் பாதியை வைத்துக்கொள் என்பது எந்த விவசாயி எழுதிய கணக்கு? கனடாவில் குறைந்தபட்சம் வீட்டுக்குள் வைத்திருக்கும் எடைக்கு வரம்பு இல்லை, தெருவுக்குக் கொண்டுபோனால்தான் 30 கிராம். ஒரு பருவ அறுவடையை அடுத்த பருவம் வரைக்கும் வைத்துச் சாப்பிடுகிற குளிர்நாட்டு வழக்கம் தெரிந்தவர்கள் எழுதியது என்று அதில் தெரிகிறது.

கனடாவைப் பாராட்டிவிட்டு ஓட்டையைச் சொல்லாமல் விடக் கூடாது. மருத்துவக் காரணம் காட்டி, டாக்டர் சீட்டில் ஏகப்பட்ட கிராம் எழுதி வாங்கி, நூற்றுக்கணக்கில் செடி வைத்தவர்கள் உண்டு. அதில் கள்ளச் சந்தைக்குப் போனதும் உண்டு, அரசு சில அனுமதிகளை ரத்து செய்ததும் உண்டு. நோயாளிகள் போராடி வாங்கிய கதவு வழியாகவே வியாபாரி நுழைந்தான்.

அடுத்த எண், 0.3. இதுவும் கனடாவில் பிறந்ததுதான். 1976-ல் எர்னஸ்ட் ஸ்மால் என்கிற கனடா தாவரவியலாளரும் ஆர்தர் கிரான்க்விஸ்ட் என்கிற அமெரிக்கரும் கஞ்சா இனத்தை வகைப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒட்டாவாவில் வளர்த்த செடிகளை வைத்துச் செய்த ஆய்வு. நார் வகையையும் போதை வகையையும் பிரிக்க ஒரு கோடு வேண்டும் என்று, செடியின் இளம் இலையில் போதை தரும் டி.எச்.சி. 0.3 சதவீதம் என்று கோடு போட்டார்கள். இது தன்னிச்சையாக எடுத்துக்கொண்ட எண் என்று அவர்களே அந்தக் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். வகைப்பாட்டு வசதிக்காகப் போட்ட கோடு. விவசாயியைச் சிறைக்கு அனுப்பப் போட்டதில்லை.

பிறகு அந்தக் கோடு உலகம் சுற்றியது. அமெரிக்கா எடுத்தது, கனடா எடுத்தது. 2018-ல் இந்தியாவிலேயே முதல் மாநிலமாக உத்தராகண்ட் தொழில்துறைச் சணல் வகைக்கு உரிமம் கொடுத்தபோது அங்கேயும் 0.3 வந்து உட்கார்ந்தது. இளம் இலைக்குச் சொன்னது பூவுக்கும் பொருந்தும் என்று ஆகிவிட்டது. குமாவுன் மலையில் தலைமுறை தலைமுறையாக விதையை வறுத்துத் துவையல் அரைக்கிறவர்கள், தண்டில் நார் உரிக்கிறவர்கள் வைத்திருக்கும் உள்ளூர் வகைகள் பலவும் இந்தக் கோட்டைத் தாண்டுபவை. அதாவது தன் பாட்டி விதைத்த விதையை விதைத்தால் குற்றம், வெளியிலிருந்து சான்றிதழோடு வரும் விதையை வாங்கினால் தொழில். ஒட்டாவாக் குளிரில் அளந்த ஒரு கோடு இமயமலைக் கிழவியின் அடுப்பங்கரைக்கு வந்து சேர்ந்த கதையை யாராவது விரிவாக எழுத வேண்டும். 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்த விதையையும் விதை எண்ணெயையும் உணவு என்று அங்கீகரித்தது. விதை உணவு, விதைத்தவன் நிலைமை வேறு.

இமாச்சலம் இப்போது அதே பாதையில். 2024 செப்டம்பரில் சட்டசபையில் தீர்மானம், 2025 ஜனவரியில் பாலம்பூர், நௌணி பல்கலைக்கழகங்களை வைத்து முன்னோட்ட ஆய்வுக்கு அனுமதி. “இமாச்சலத்துல கஞ்சா லீகல் ஆயிருச்சு” என்று வந்த தமிழ்த் தலைப்புகளை நம்பாதீர்கள். அங்கே பேசப்படுவது தொழிலுக்கும் மருந்துக்குமான சாகுபடி. வீட்டுக் கொல்லையில் ஒரு செடி வைக்கும் பேச்சே அதில் இல்லை.

இப்போது நம்ம எண்.

போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், 1985. டீக்கடையில் எல்லோரும் சொல்லும் என்.டி.பி.எஸ். இதில் கஞ்சா என்றால் என்ன என்கிற வரையறை, சதவீதம் பார்க்கும் நாடுகளைவிட ஒரு விதத்தில் செடியை நன்றாகவே பார்த்திருக்கிறது. பூத்த அல்லது காய்த்த நுனிதான் கஞ்சா. நுனியோடு சேராத இலையும் விதையும் கஞ்சா இல்லை. அதனால்தான் வாரணாசியில் அரசு உரிமம் பெற்ற பாங்குக் கடை இருக்கிறது. இது 1961 ஐ.நா. ஒப்பந்தத்தில் இருந்த வரையறையை ஒட்டியது. சிவராத்திரிக்கும் ஹோலிக்கும் பாங்கு குடிக்கும் நாட்டுக்கு அது வசதியாகவும் இருந்தது. ஆனால் இலை கஞ்சா இல்லை என்பதால் செடி வைக்கலாம் என்று ஆகாது. ‘கஞ்சாச் செடி’ என்பதற்குத் தனி வரையறை: அந்த இனத்தைச் சேர்ந்த எந்தச் செடியும். இமயமலை அடிவாரத்தில் அது சாலையோரம் களையாகவே முளைப்பதால் இலைக்கு வழி இருக்கிறது. நம்ம வறண்ட காட்டில் அந்தச் சலுகை ஏட்டுச் சுரைக்காய்.

இருபதாம் பிரிவைப் படியுங்கள். வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, கடத்துவது ஆகியவற்றுக்கு அளவு பார்த்துத் தண்டனை. ஒரு கிலோ வரை ‘சிறிய அளவு’: அதிகபட்சம் ஓராண்டு, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். 20 கிலோவைத் தாண்டினால் ‘வணிக அளவு’: பத்து முதல் இருபது ஆண்டு. நடுவில் இருப்பதற்குப் பத்தாண்டு வரை. சரி, இதில் ஏதோ ஒரு படிக்கட்டு இருக்கிறது. வளர்ப்பதற்கு? படிக்கட்டே இல்லை. கஞ்சாச் செடி எதையும் சாகுபடி செய்தால் பத்தாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஒரு செடியா, ஓராயிரம் செடியா, சொந்த உபயோகமா, விற்பனைக்கா என்று சட்டம் கேட்கவில்லை. குறைந்தபட்சத் தண்டனை இல்லை என்பதால் நீதிபதி குறைத்துக் கொடுக்கலாம். அது நீதிபதியின் கருணை, சட்டத்தின் கணக்கு இல்லை.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் ஒரு வியாபாரியிடம் 900 கிராம் வாங்கிப் பையில் வைத்திருப்பவனுக்கு அதிகபட்சம் ஓராண்டு. கிணற்று மேட்டில் ஒரு செடி வைத்து, அதிலிருந்து ஐம்பது கிராம் எடுத்து, யாருக்கும் விற்காதவனுக்கு அதிகபட்சம் பத்தாண்டு. கனடா வீட்டுச் செடியை அனுமதித்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, ஆட்களைக் கள்ள வியாபாரியிடமிருந்து பிரிக்க வேண்டும் என்பது. நம்ம சட்டம் நேர் எதிராக, வளர்க்காதே, வாங்கிக்கொள் என்று தண்டனை அட்டவணை வழியாகச் சொல்கிறது. எழுதியவர்கள் அப்படி நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். எழுத்தில் அப்படித்தான் நிற்கிறது.

இதற்குப் பலன் என்ன? தமிழ்நாட்டில் கஞ்சா சாகுபடி பூச்சியம் என்று அரசு பெருமையாகச் சொல்கிறது. ஒரு காலத்தில் கம்பம் மலையும் இடுக்கியும் பேர் போனவை, இப்போது இல்லை என்பதும் சரிதான். ஆனால் ‘கஞ்சா வேட்டை’ என்று 2.0, 3.0, 4.0 எல்லாம் நடத்த வேண்டியிருந்ததே, அது எங்கிருந்து வந்த கஞ்சா? பெரும்பகுதி ஆந்திர மலைப்பகுதியிலிருந்தும் ஒடிசா எல்லையிலிருந்தும் ரயிலிலும் லாரியிலும் வருவது. சாகுபடி பூச்சியம் ஆனது, சந்தை ஆகவில்லை. இடையில் நின்று சம்பாதிக்கிறவர்கள் பெருத்தார்கள். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் பொட்டலம் வருகிறது என்று பெற்றோர் பயப்படுவது இந்த வியாபாரத்தைப் பார்த்துத்தான். அந்தப் பயம் நியாயமானது. மூளை வளர்கிற வயசில் இது கெடுதல் செய்யும், மனச்சிதைவுக்கு ஆளாகக்கூடியவர்களைத் தள்ளிவிடும் என்பதில் மருத்துவர்களிடையே பெரிய சண்டை இல்லை. ஆனால் பள்ளிக்கூட வாசல் பொட்டலத்துக்கும் கொல்லையில் நிற்கும் ஒற்றைச் செடிக்கும் ஒரே சொல்லைப் போட்டுப் பேசுவதால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பாதுகாப்பு வந்துவிட்டது?

அதே சட்டத்தின் 46, 47 பிரிவுகளை யாரும் படிப்பதில்லை. தன் நிலத்தில் திருட்டுத்தனமாகக் கஞ்சாச் செடி இருப்பது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் நிலத்துக்காரனுக்குத் தண்டனை. கிராம அலுவலர்களுக்கும் பஞ்சாயத்துப் பொறுப்பாளர்களுக்கும் தகவல் சொல்வது கடமை. குத்தகைக்கு விட்ட காட்டில் சோளத்தட்டைக்கு நடுவில் யாரோ நட்ட நாலு செடிக்கு, கண்டும் வாயைத் திறக்காத நிலத்துக்காரரும் பதில் சொல்ல வேண்டும். குளிர்நாட்டின் நாலு வேலிக்குள் இருக்கும் வரை அரசு எட்டிப்பார்க்காத எண். இங்கே வேலியைத் தாண்டி ஊரே எண்ண வேண்டிய எண்.

இந்த இடத்தில் விடுதலைப் பிரசங்கிகள் 1894-ஐ எடுப்பார்கள். இந்திய ஹெம்ப் மருந்துகள் ஆணையம், 1893-ல் அமைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து, மிதமான பயன்பாட்டால் பெரிய தீங்கில்லை என்று முடித்த ஆணையம். “வெள்ளைக்காரனே அன்னைக்கே சொல்லிட்டான்” என்று ஒற்றை வரியில் முடிப்பார்கள். எனக்கு அந்த அறிக்கைமேல் பெரிய மரியாதை உண்டு, ஆனால் அந்த ஒற்றை வரிக்காக இல்லை. மனநோய் விடுதிப் பதிவேடுகளை அவர்கள் கையாண்ட விதத்துக்காக. 1892-ல் கஞ்சாவால் பைத்தியம் என்று பதிவான 222 பேரை ஒவ்வொருவராக மறுபடி விசாரித்தார்கள். விசாரணையில் தாக்குப்பிடித்தது 98 தான். மிச்சமெல்லாம், கொண்டுவந்த போலீஸ்காரர் காரணம் தெரியாமல் ‘கஞ்சா’ என்று எழுதியது மாதிரியான பதிவுகள். ஒரு எண்ணை எப்படிச் சந்தேகப்பட வேண்டும் என்பதற்கு அது பாடம்.

அந்த அறிக்கையை வீட்டுச் செடிக்கு ஆதரவாகக் காட்டுவது ஆகாது. சென்னை மாகாணத்தில் ஜவ்வாது மலையையும் கிருஷ்ணா மாவட்டத்தின் ஒரு பகுதியையும் சாகுபடி இடங்களாகப் பதிவு செய்தவர்கள், வீட்டுக் கொல்லைகளில் ஒன்றிரண்டாக நிற்பதையும் பார்த்தார்கள். பரிந்துரைத்தது என்னவோ, உரிமத்தோடு ஓரிடத்தில் குவித்துப் பயிர் செய், வரி போடு என்பதுதான். கொல்லைச் செடி வரி கட்டாத செடி. அரசுக்கு அதை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. இன்னொன்று, அன்றைய செடியின் வீரியம் இன்றைய விளக்குக் கூடாரத்து வகைகளின் வீரியம் இல்லை. இருபது சதவீதத்துக்கும் மேல் டி.எச்.சி. உள்ள பூவுக்கு 1894-ன் ‘மிதமான’ என்கிற சொல்லை அப்படியே ஒட்ட முடியாது.

இங்கே பக்கத்தில் வேடசந்தூரில் 1948-லிருந்து மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மென்று துப்பும் புகையிலைக்கு நம்ம பகுதி பேர் போனது, அதை நட உரிமம் கூட வேண்டாம். புகையிலையால் இந்தியாவில் வருஷத்துக்கு 13 லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அது கெட்டது என்பதால் இதுவும் வரட்டும் என்று வாதாடவில்லை. ஒரு செடியை ஆராய்ந்து, விதை கொடுத்து, நோய்க்கு மருந்து சொல்லி, அப்புறம் பாக்கெட்டில் எச்சரிக்கைப் படம் போடவும் நம்ம அரசுக்குத் தெரியும் என்பதைச் சொல்கிறேன். ஒரு செடியைக் கண்ணால் பார்த்தபடியே கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு உதாரணம் வேண்டி கனடா போக வேண்டியதில்லை.

கனடா மாதிரி நாலு கொடு என்று நான் கேட்க மாட்டேன். அந்த நாலு நம்ம பகலுக்குப் பொருந்தாது. வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணி வெளிச்சம் உள்ள ஊரில், கூடாரமும் விளக்கும் இல்லாமல், வெறும் தொட்டியில் நாலு செடி என்ன தரும் என்பதை யாரும் அளந்து சொன்னதில்லை. முதலில் இருபதாம் பிரிவில் சாகுபடிக்கும் ஒரு படிக்கட்டு வேண்டும், சிறிய அளவு என்று ஒன்று. ஒரு செடி வைத்தவனும் தோட்டம் போட்டவனும் ஒரே வரியில் நிற்கக் கூடாது. அந்த அளவு எத்தனை செடி, அல்லது எத்தனை கிராம் என்று முடிவு செய்ய இந்த மண்ணில், இந்த வெளிச்சத்தில் வளர்த்துப் பார்த்த கணக்கு வேண்டும். பத்தாம் பிரிவின்படி அறிவியல் நோக்கத்துக்காகச் சாகுபடியை அனுமதிக்கும் அதிகாரம் மாநில அரசுக்கே இருக்கிறது. பாலம்பூரில் செய்யப்போவதை வேடசந்தூரிலும் செய்யலாம், அங்கே நிலமும் கிணறும் செடியை அளக்கத் தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள்.